தக்கலை பக்கத்து ஒர்க்‌ஷாப் - பொலூஷன்ல தோத்த 2008 ஆல்ட்டோவ பாஸ் பண்ண வச்ச எடம்

எங்க வீடு குளச்சல் பக்கம், கடலுக்கும் வீட்டுக்கும் அரை கிலோமீட்டர் கூட வராது. வண்டி 2008 ஆல்ட்டோ, அப்பா வாங்கினது, அப்பா போனப்புறம் நான் ஓட்டுறேன். 2023-ல 15 வருஷம் முடிஞ்சப்ப எஃப்சி காட்டி ஆர்சி அஞ்சு வருஷத்துக்கு புதுப்பிச்சாச்சு, அதனால 2028 வரைக்கும் இத விடுறதா எண்ணமே இல்ல. ஆனா கொஞ்ச நாளா காலம்பற ஸ்டார்ட் பண்ணா பெட்ரோல் நாத்தம் குப்புன்னு அடிக்கும், கார் நிக்கிற எடமும் அடுக்களை ஜன்னலும் நேருக்கு நேர், அம்மாவுக்கு வேற வீசிங் உண்டு, நான் வண்டி எடுக்கும்போதெல்லாம் ஜன்னல சாத்திட்டு நிப்பா. அதுவே எனக்கு மனசுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு.

இப்படி இருக்கையில தான் பொலூஷன் சர்டிபிகேட், அதான் வண்டிப் புகைய அளந்து குடுக்குறது, முடிஞ்சு போச்சுன்னு எடுக்க போனேன், ஃபெயில். சிஓ, அதாவது கார்பன் மோனாக்சைடு, 2.3 சதவீதம் காட்டுது. பிஎஸ்ங்கிறது வண்டிப் புகைக்கு அரசு வச்ச தரம், அதுல பிஎஸ் 2, பிஎஸ் 3 பெட்ரோல் காருக்கு ஐடில்ல, அதாவது வண்டி நின்ன எடத்துல சும்மா ஓடும்போது, 0.5 தான் அனுமதி, ஹெச்சி (ஹைட்ரோகார்பன், எரியாம வர்ற பெட்ரோல்) 750 பிபிஎம் வரைக்கும். ஹெச்சி எனக்கு 600 சொச்சம், அது தப்பிச்சுது. அங்க நின்ன ஒருத்தர் காசு கூட குடுத்தா வேற வண்டி சைலன்சர்ல டெஸ்ட் கம்பிய சொருகி சர்டிபிகேட் எடுத்துரலாம்னாரு, எனக்கு வேண்டாம்னு வந்துட்டேன். பேப்பர் வாங்கிட்டா அம்மா மூச்சுல போற புகை கொறைஞ்சிருமா?

அப்புறம் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்ல காட்டினேன். பானெட்ட தொறந்து பத்து நிமிஷம் கூட பாக்கல, ஆக்ஸிஜன் சென்சாரும் (புகையில ஆக்ஸிஜன் எவ்வளவுன்னு பாக்குறது) கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் (புகைய சுத்தம் பண்றது) மாத்தணும், 21,000 ஆகும்னு எழுதி குடுத்தாங்க. எதுக்கு மாத்தணும்னு கேட்டதுக்கு பழைய வண்டி சார்னு ஒத்தை வார்த்தையில பதில்.

என் மச்சினன் சொல்லி தான் இந்த எடத்துக்கு போனேன். தக்கலையில இருந்து திருவட்டாறு போற ரோட்டுல, தகரக் கூரை, பின்னால ரப்பர் தோட்டம். பேரு போடட்டான்னு கேட்டேன், வேண்டாம் மக்ளே, இருக்குற வேலையே தீரல்லன்னு கடைக்கார அண்ணன் சொல்லிட்டாரு, அதனால பேரு எழுதல்ல. அந்த பக்கம் ஆட்டோக்காரங்ககிட்ட பழைய மாருதி பாக்குற அண்ணன் கடைன்னு கேட்டா காட்டி தருவாங்க.

ஃபெயிலான ரிப்போர்ட்ட வாங்கி ரெண்டு நம்பரையும் பாத்துட்டு அவரு சொன்னது இது: சிஓ ஏறினா பெட்ரோல் கூடுதலா போவுது, ஹெச்சி ஏறினா பெட்ரோல் எரியாம வருது, உனக்கு சிஓ தான் தலைவேதனை, அப்போ பெட்ரோல கூட ஊத்தச் சொல்றது யாருன்னு கண்டுபிடிக்கணும். முதல்ல ஸ்பார்க் பிளக்க கழட்டினாரு. மூணும் சட்டிக்கரி மாதிரி கருப்பு, விரல்ல ஒட்டுது. ஏர் ஃபில்டர்ல பாதி மணல். இது ரெண்டும் மாத்தணும், ஆனா இது மட்டும் 2.3-க்கு கொண்டு போவாதுன்னாரு.

அடுத்து மீட்டர எடுத்து ஆக்ஸிஜன் சென்சார் வயர்ல குத்தினாரு. நல்ல சென்சார்னா இஞ்சின் சூடானப்புறம் 0.1-க்கும் 0.9-க்கும் இடையில வோல்ட் ஏறி எறங்கி ஆடிக்கிட்டே இருக்கணும், நமக்கு 0.1-ல படுத்து கெடக்கு. நானும் சரி சென்சார் போச்சுன்னு தான் நெனச்சேன். அண்ணன் ஆக்ஸிலேட்டர ஒரு வெட்டு வெட்டினாரு, மீட்டர் சட்டுன்னு 0.8-க்கு போயிட்டு எறங்கிச்சு. "பாத்தியா, சென்சாருக்கு உயிரு இருக்கு, அது பாக்குறத தான் சொல்லுது"ன்னாரு.

அப்புறம் வண்டிய ஆற போட்டு, ஆறினப்புறம் ஸ்டார்ட் பண்ணி ஒரு ஊதுபத்தி கொளுத்தி எக்ஸாஸ்ட் மேனிபோல்டு, அதான் இஞ்சின்ல இருந்து புகை வெளிய வர்ற குழாய், பக்கத்துல பைய கொண்டு போனாரு. எல்லா எடத்துலயும் புகை நேரா போச்சு, மூணாவது சிலிண்டர் கிட்ட மட்டும் வெட்டி வெட்டி உள்ள இழுக்குது. இடுக்க அடைக்கிற கேஸ்கெட் ஓட்டை, மேனிபோல்ட இஞ்சினோட பிடிக்கிற ரெண்டு ஸ்டட் துருப்பிடிச்சு நட்டு லூஸ். உப்புக்காத்து வேலை. அந்த ஓட்டை வழியா வெளிக்காத்து உள்ள போவுது, சென்சார் அந்த ஆக்ஸிஜன பாத்துட்டு பெட்ரோல் கொறவுன்னு சொல்லுது, பெட்ரோல் அளவ முடிவு பண்ற கம்ப்யூட்டர், அதான் ஈசியூ, அத நம்பி இன்னும் ஊத்துது. இது தான் கதை. 21,000 குடுத்து புது சென்சார் போட்டிருந்தாலும் இதே ஓட்டை தான் இருந்திருக்கும், கொஞ்ச நாள்ல புது கன்வெர்ட்டரும் கெட்டிருக்கும். இத நெனச்சா எனக்கு இப்பவும் வயிறு எரியுது, எத்தனை பேரு கடன் வாங்கி மாத்தியிருப்பாங்க.

ஸ்டட் கழட்டுறதுக்கு தான் ஒரு நாள் முழுக்க போச்சு. அடிச்சு திருப்பினா ஹெட்டுக்குள்ள ஒடிஞ்சிரும்னு எண்ணெய் ஊத்தி ஊற வச்சு, கேஸ் தீ காட்டி, கால் சுத்து முன்னால கால் சுத்து பின்னாலன்னு எடுத்தாரு, நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன். கேஸ்கெட் 260, ஸ்டட்டும் நட்டும் 190, பிளக் மூணும் சேத்து 420, ஃபில்டர் 230, கூலி 1,600. மொத்தம் 2,700. பழைய சாமான் எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு கையில தந்தாரு.

டெஸ்டுக்கு போகும்போது எப்படி போகணும்னும் சொல்லி தந்தாரு, இது எல்லாருக்கும் உதவும். ஆறின வண்டிய கொண்டு நிறுத்தாதீங்க, கன்வெர்ட்டர் 250, 300 டிகிரி சூடானா தான் வேலையே தொடங்கும், அதனால ஒரு இருபது நிமிஷம் ஓட்டிட்டு நேரா போங்க, லைன்ல நின்னாலும் இஞ்சின ஆஃப் பண்ணாண்டாம், ஏசி ஆஃப்ல இருக்கட்டும். நான் தக்கலையில இருந்து வில்லுக்குறி வரைக்கும் போயிட்டு திரும்பி வந்து காட்டினேன். கம்பிய சைலன்சருக்குள்ள நல்லா உள்ள விட்டு தான் எடுத்தாங்க. சிஓ 0.14, ஹெச்சி 95. ஸ்கிரீன்ல பாத்ததும் அண்ணனுக்கு தான் முதல்ல போன் போட்டேன்.

நம்ம மாதிரி பிஎஸ் 4-க்கு முந்தின வண்டிக்கு சர்டிபிகேட் 6 மாசம் தான், பிஎஸ் 4, பிஎஸ் 6-க்கு ஒரு வருஷம், தேதிய மறந்துராதீங்க, இல்லாம ஓட்டினா சட்டப்படி 10,000 ரூபா வரைக்கும் அபராதம் இருக்கு. சர்டிபிகேட் எடுக்கும்போது ஓடிபி ஆர்சியில இருக்குற போன் நம்பருக்கு வரும், எங்க வீட்டுல மாதிரி அப்பா நம்பர் இருந்தா முதல்லயே மாத்தி வச்சிருங்க, நான் அதுக்கே ஒரு நாள் அலைஞ்சேன்.

கொறைன்னு பாத்தா, உக்கார ஒரு ஸ்டூலு தான் உண்டு, மழையில கூரை ஒழுகும், பில்லு அட்டைப்பெட்டி கிழிச்சதுல தான் எழுதி தருவாரு. நாளைக்கு தாறேன்னு சொன்னா ரெண்டு நாள் ஆவும், அவசரக்காரங்களுக்கு இது ஒத்து வராது. டீசல் வண்டி எடுக்க மாட்டாரு, அதுக்கு வேற ஆளு பாக்கணும். ஞாயிறு கடை கெடையாது. காலம்பற எட்டரைக்கு முன்னால போங்க, முந்தின நாள் ராத்திரியே வண்டிய அங்க விட்டுட்டு வந்தா இன்னும் கொள்ளாம், இஞ்சின் ஆறி கெடந்தா தான் அந்த ஊதுபத்தி வேலை நடக்கும்.