பாக்ஸ் பிளேடா, லேண்ட் பிளேனா?

அமெரிக்கக் கிராமப்புறங்களில் வீட்டுச் சரளைப் பாதையைச் சிறு டிராக்டரால் சமப்படுத்துவோர் தடுமாறும் இடம் இது. இரண்டும் டிராக்டரின் பின்னால் மாட்டி இழுக்கும் கருவிகள்.

பாக்ஸ் பிளேடின் பற்கள் இறுகிய தரையைக் கிளறும்; பெட்டி சரளையை இழுத்துப்போய்ப் பள்ளத்தில் கொட்டும். ஆனால் டிராக்டரின் முன்சக்கரம் மேட்டில் ஏறினால் பின்னால் பிளேடு தரையைக் குடையும், இறங்கினால் மேலே தூக்கும். கை பழகாதவர் ஓட்டினால் பாதை அலை அலையாகிவிடும்.

லேண்ட் பிளேனில் அந்தத் தொல்லை குறைவு. இருபுறமும் நீளமான சறுக்குச் சட்டங்கள் தரையில் படிந்து போகும். நடுவிலுள்ள இரண்டு பிளேடுகள் மேட்டைச் சீவும். சரளை வழிந்து பள்ளத்தில் விழும். தூரம் கொண்டுபோக மட்டும் ஆகாது.

குழியை மேலோட்டமாக நிரப்பினால் நாலு மழையில் திரும்பிவிடும். அடிவரை கிளற வேண்டும். அதற்கு மட்டும் பாக்ஸ் பிளேடு. வழக்கமான பராமரிப்புக்கு என் ஓட்டு லேண்ட் பிளேனுக்கே. வாங்கும்போது அகலம் பின்சக்கரத் தடத்தை மூடுகிறதா என்று அளந்துகொள்ளுங்கள்.