நீச்சல்குளம் பார்த்து வாங்கிய ஃபிளாட்: நாவலூரில் 8 வருடம்

2017-ல் சென்னை ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) நாவலூர் பக்கம் குடிவந்தோம். 380 வீடுகள், நாலு பிளாக். (அப்போது காஞ்சிபுரம் மாவட்டம், 2019-ல் பிரித்ததில் செங்கல்பட்டு ஆனது.) புக் பண்ணப் போன அன்று நீச்சல்குளம், ஜிம், மினி தியேட்டர் எல்லாம் சுற்றிக் காட்டினார்கள். சம்ப் (தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி) எத்தனை லிட்டர், கழிவுநீர் எங்கே போகிறது என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் வாய் திறக்கவில்லை.

மெட்ரோ வாட்டர், அதாவது சென்னைக் குடிநீர் வாரியத் தண்ணீர், எங்களுக்குக் கிடையாது. போர் தண்ணீர் உப்பு, அதைச் சுத்திகரித்தும் போதாமல் லாரியைத்தான் நம்பியிருக்கிறோம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டபோது குழாயில் காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம்தான் தண்ணீர். ராத்திரி ஒரு மணிக்கு லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டால்தான் எனக்குத் தூக்கமே வரும்.

அப்போதெல்லாம் தண்ணீர்ச் செலவும் மெயின்டனன்ஸோடு சதுர அடிக் கணக்கில்தான். ரிட்டயர் ஆன தம்பதி இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கும் ஆறு பேர் இருக்கும் வீட்டுக்கும் ஒரே காசு. மூன்று ஏஜிஎம்மில் (சங்கத்தின் வருடாந்திரப் பொதுக்கூட்டம்) சண்டை போட்டு 2021-ல் வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்தோம். முதல் மாத பில் வந்த வாரம் பிளம்பரைப் பிடிக்கவே முடியவில்லை, வருடக்கணக்கில் ஒழுகிக்கொண்டிருந்த குழாய் எல்லாம் அந்த ஒரே வாரத்தில் சரியாகிவிட்டது. ஃபிளஷுக்கு வருவது எஸ்டிபியில் (எங்கள் வளாகத்துக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) சுத்திகரித்த தண்ணீர். நன்றாக ஓடும்வரை அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, அதில் காற்று ஊதும் புளோயர் நின்றுபோனால் நாற்றத்தில் ஏ பிளாக்கில் ஜன்னல் திறக்க முடியாது.

மெயின்டனன்ஸ் சதுர அடிக்கு 3 ரூபாயில் தொடங்கி இப்போது 4.50. என் 1,150 சதுர அடிக்கு மாதம் 5,175, தண்ணீர் தனி. 7,500-ஐத் தாண்டினால் 18 சதவீதம் ஜிஎஸ்டி என்பதால் பெரிய ஃபிளாட்காரர்கள் ஒவ்வொரு உயர்வுக்கும் கணக்குப் போட்டுக்கொண்டுதான் கை தூக்குவார்கள்.

நீச்சல்குளத்தில் மே மாதம் பிள்ளைகள் கூத்தடிப்பார்கள். மற்ற நாட்களில் காலையில் நாலு பேர். மினி தியேட்டரில் இப்போது கொலுப்படிகள் கிடக்கின்றன. ஜிம் பரவாயில்லை.

வேலைக்கு வரும் அக்காக்கள் சர்வீஸ் லிஃப்டில்தான் போக வேண்டும் என்று ஒரு போர்டு ரொம்ப நாள் தொங்கியது. கேவலம். இரண்டு வருடம் எழுதி எழுதித்தான் கழற்ற வைத்தோம், ஆனால் பழக்கம் இன்னும் போகவில்லை, அவர்களே ஒதுங்கி அந்தப் பக்கம்தான் நிற்கிறார்கள். பேச்சலர்களுக்கு வீடு விடுவதிலும் இதே புத்திதான்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கரண்ட் போய், ஜென்செட்டுக்கு டீசல் வாங்கப் போக வழியில்லாமல் ரோட்டில் தண்ணீர். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் மோட்டார், லிஃப்ட் கிடையாது. பத்தாவது மாடிப் பாட்டிக்கு இட்லியும் குடமும் கொண்டுபோனது அத்தனை நாளும் யாரோடும் பேசாமல் இருந்த பேச்சலர் பையன்கள்தான். கிளப் ஹவுஸில் பெரிய குண்டானில் சாம்பார் சாதம் கிளறினோம். அந்த ஹால் அன்றுதான் முழுசாக நிரம்பியது.

போன வருடம் மாமனார் தவறியபோது ஐஸ் பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பார்ட்டி ஹாலில் விதி இடம்கொடுக்காது, வீட்டுக்குள் பத்து பேருக்கு மேல் நிற்க முடியாது, லிஃப்டில் பெட்டி நுழையாது. கடைசியில் செக்யூரிட்டி அண்ணன் ராத்திரியோடு ராத்திரியாக நாலு வீட்டுக் கதவைத் தட்டி, சாவி வாங்கி, ஸ்டில்ட்டில் (கீழ்த்தள கார் பார்க்கிங்) நாலு காரை நகர்த்தி இடம் பண்ணிக் கொடுத்தார். பார்க்கிங் கோடுகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். வீடு வாங்க நினைப்பவர்கள் இதையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.