ஸ்லாபுக்குள் நாணயம்: எந்த விளக்கு, எந்தக் கோணம்?

தரச்சான்று பெற்று ஸ்லாபில் (கெட்டியான பிளாஸ்டிக் உறையில்) அடைபட்ட நாணயத்தைப் படமெடுக்கும்போது உலோகத்தை மட்டும் பார்த்தால் போதாது, அதை மூடிய பிளாஸ்டிக்கையும் கவனிக்க வேண்டும். பிளாஸ்டிக்கின் ஒவ்வொரு பரப்பும் நேராக விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பியனுப்புகிறது. அது லென்ஸுக்குள் நுழைந்தால் படம் கெட்டது.

லென்ஸைச் சுற்றி மாட்டும் வளைய விளக்கை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். நாணயத்திலுள்ள ராணியின் முகத்தின்மேல் வெள்ளை வளையல் பதிந்து வருவதுதான் மிச்சம்.

உண்மையான போட்டி இரண்டு முறைகளுக்கு இடையில்தான். ஒன்று அச்சு ஒளி: லென்ஸுக்கும் நாணயத்துக்கும் நடுவே கண்ணாடித் தகட்டை 45 பாகையில் சாய்த்து, பக்கவாட்டு ஒளியை நேராகக் கீழே இறக்குவது. உறையில்லாத நாணயத்துக்கு இது அருமை. ஸ்லாபிலோ பிளாஸ்டிக்கும் லென்ஸை நேராகவே பார்க்கிறது. சேகரிப்போருக்கென அச்சிட்ட, கண்ணாடிபோல் பளபளக்கும் புரூஃப் நாணயம் பிளாஸ்டிக்கைவிடப் பன்மடங்கு ஒளியைத் திருப்புவதால் சமாளித்துவிடும். கைமாறித் தேய்ந்த 1862 விக்டோரியா வெள்ளி ரூபாய் ஒளியைச் சிதறடிப்பது. அதன்மேல் வெண்புகை படர்ந்து, கூந்தல் இழைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

மற்றது, கடிகாரத்தின் 10 மணி, 2 மணித் திசைகளில் இரு எல்இடி விளக்குகள். என் ஓட்டு இதற்கே. பிளாஸ்டிக்கில் பட்ட ஒளி எதிர்ப்பக்கம் தெறித்துப்போகிறது, லென்ஸுக்கு வருவதில்லை. ஆனால் உயரம்தான் வித்தை. விளக்கைத் தாழ்த்தினால் ஸ்லாபின் மேடான விளிம்பு ஓரத்து எழுத்துகள்மேல் நிழல் போடும், பிளாஸ்டிக்கின் கீறல்களும் பளிச்சிடும். மிக உயர்த்தினால் விளக்கின் பிம்பமே பிளாஸ்டிக்கில் விழுந்து படத்துக்குள் தெரியும். இடைப்பட்ட இடுக்கில் இருந்து சிறிது சிறிதாக நகர்த்துங்கள். 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் (நெருக்கப்பட லென்ஸ்) இருந்தால் விளக்குகளுக்குப் போதிய இடம் கிடைக்கும்.

பிடிவாதமான பளிச்சீட்டுக்கு ஸ்லாபை 5 பாகை சாய்க்கலாம். திரும்பும் ஒளி 10 பாகை விலகும். வட்டம் கோணலாவது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 30 மி.மீ. நாணயத்தின் ஒரு விளிம்பு மற்றதைவிட 2.6 மி.மீ. உயர்ந்துவிடும், அதனால் இரண்டு விளிம்பும் தெளிவாக விழ லென்ஸின் துளையை எஃப்/11 வரை சுருக்க வேண்டியிருக்கும்.

வெண்துணிக் கூடாரம் பளிச்சீட்டை மழுப்பும், கூடவே புது நாணயத்தின் சுழலும் மினுக்கையும் கொன்றுவிடும். விளக்கிலும் லென்ஸிலும் போலரைசர் (ஒளியை ஒரே தளத்தில் மட்டும் அதிரவிடும் வடிகட்டி) மாட்டுவது அதைவிட வம்பு: பிளாஸ்டிக்கில் உறைந்த இறுக்கம் வானவில் பட்டைகளாகத் தெரியும். டோனிங் (காலப்போக்கில் உலோகத்தின்மேல் படியும் சாயல்) நிறத்துக்கே விலை பேசும் சந்தையில் இல்லாத நிறத்தைக் காட்டினால் வாங்கியவர் சும்மா இருக்கமாட்டார்.