நான்கு வருஷம், எட்டு கம்பி: ஒரு மலிவு விலை புசூக்கியோடு

2021 ஆகஸ்டில் 14,500 ரூபாய் கொடுத்து ஓர் ஐரிஷ் புசூக்கியை ஆன்லைனில் வாங்கினேன். மாண்டலினுக்கு அண்ணன் மாதிரி, நீளக் கழுத்தும் இரண்டிரண்டாக நான்கு ஜோடிக் கம்பியும் உள்ள வாத்தியம் அது. வாங்கிய மறுநாளே ராயபுரத்தில் பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கூரியர்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் வந்ததைப் பார்த்த எதிர்வீட்டு அக்கா, “யார் வீட்டுக்குப்பா இவ்ளோ நீளமா துடப்பம்?” என்று கேட்டார்.

எனக்கு மாண்டலின் தெரியும். சர்ச் பாடகர் குழுவில் பதினைந்து வருஷமாக அதுதான் வாசிக்கிறேன். ஐரிஷ் புசூக்கியை மாண்டலின் மாதிரியே ஜி-டி-ஏ-இ என்ற மேற்கத்திய சுரங்களில், ஒரு ஸ்தாயி கீழே சுதி வைக்கலாம். விரலுக்குப் புதிதாகப் படிக்க ஒன்றுமில்லை என்று நம்பிப் போனவன் நான். சுதி பழகியதுதான், தூரம்தான் பழகாதது. மாண்டலினில் சின்ன விரல் போய் உட்காரும் இடத்துக்கு இதில் கையையே நகர்த்த வேண்டும். இரண்டு மாதம் மணிக்கட்டு வலித்தது. கடைசியில் நானும் பலரைப் போல மேல் ஜோடியை டி-க்கு இறக்கி, ஜி-டி-ஏ-டி என்று வைத்துக்கொண்டேன். கம்பியைத் திறந்தபடி விட்டாலே பின்னணி நிறைகிறது, பாடகர் குழுவுக்கு அது போதும்.

வாங்கும் முன் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். கிரேக்க புசூக்கிக்கு முதுகு பலாக்கொட்டை மாதிரி உருண்டிருக்கும். மூன்று ஜோடிக் கம்பி உள்ளது பழையது. நான்கு ஜோடி உள்ளதை 1950களில் பரப்பியவர் கிரேக்கக் கலைஞர் மனோலிஸ் கியோட்டிஸ். அயர்லாந்துக்காரர்கள் 1960களின் நடுவில் அதை எடுத்துக்கொண்டு போய், பிறகு முதுகைத் தட்டையாக்கினார்கள். மடியில் நிற்க வேண்டும் என்றால் தட்டை முதுகு வாங்குங்கள். உருண்டை முதுகு முதல் நாளே வழுக்கும். ஆனால் எனக்குப் பிடித்த பாட்டெல்லாம் கிரேக்கப் பக்கத்தில்தான் இருக்கிறது, ரெபெட்டிகோ என்று அங்கே உழைக்கும் சனங்கள் பாடிய பாட்டு. கிரேக்கத்தின் பிரேயஸ் துறைமுகத்தில் கரி சுமந்த ரெபெட்டிகோ பாடகர் மார்கோஸ் வம்வகாரிஸ் வாசித்த வாத்தியம் இது. 1936இல் அங்கே வந்த சர்வாதிகார அரசு அந்தப் பாட்டுகளுக்குத் தணிக்கை போட்டது. 2017இல் யுனெஸ்கோ அதே ரெபெட்டிகோவைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. காசிமேட்டுக்காரனுக்கு இதெல்லாம் விளக்கிச் சொல்ல வேண்டுமா என்ன, கானாவுக்கும் இதே கதைதானே.

சரி, பிராண்டு விஷயம். நான் தேடியபோது மூன்று பெயர்களில், மூன்று விலைகளில் மூன்று வாத்தியங்கள் கண்ணில் பட்டன. தலைப்பகுதியின் வெட்டு, ஒலித்துளையைச் சுற்றிய வளையம், டெயில்பீஸில் (கம்பியின் அடி நுனியை மாட்டும் தகடு) இருந்த பூ வேலைப்பாடு, மூன்றிலும் எல்லாம் ஒரே மாதிரி. ஒரே பட்டறையில் செய்து ஸ்டிக்கர் மட்டும் மாற்றியிருக்கிறார்கள். ருமேனியாவில் ரெகின் என்ற ஊரில் 1951 முதல் இருக்கும் ஹோரா மாதிரி, சொந்த ஆலையில் செய்து சொந்தப் பெயரில் விற்பவர்கள் வேறு வகை. அங்கே பெயருக்குப் பின்னால் ஓர் ஆலை நிற்கிறது. மற்றவற்றில் பெயரைப் பார்த்து நல்லது கெட்டது சொல்வது கிளி ஜோசியம். நான் மூன்றில் நடு விலையை எடுத்தேன். அதுவும் ஒரு ஜோசியம்தான்.

விற்றவர் பெயர் வேண்டாம். ‘முழு ஸ்ப்ரூஸ் மரம்’ என்று போட்டிருந்தார். வந்ததும் ஒலித்துளையின் விளிம்பை டார்ச் அடித்துப் பார்த்தேன். மேலே தெரிகிற மரரேகை விளிம்பில் அப்படியே கீழே இறங்கினால் முழு மரம். எனக்கு மூன்று அடுக்கு தெரிந்தது, நடு அடுக்கு குறுக்கே ஓடியது. அசல் பிளைவுட். சண்டை போட்டதில் 500 ரூபாய் திருப்பித் தந்தார். ஆனால் கடலிலிருந்து நானூறு மீட்டரில் குடியிருக்கிறவனுக்கு பிளைவுட் ஒரு விதத்தில் நல்லதுதான். சத்தம் கொஞ்சம் சப்பையாக இருக்கும். ஆனால் நான்கு ஐப்பசி மழை பார்த்தும் மேல்பலகை உப்பவில்லை, விரியவில்லை. ‘வாசிக்க வாசிக்கச் சத்தம் திறக்கும்’ என்பதை மட்டும் நம்பாதீர்கள். என்னுடையது இன்னும் திறக்கவில்லை.

வந்த அன்றைக்கு ஆக்ஷன், அதாவது ஃப்ரெட்டுக்கு (விரல் பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) மேலே கம்பி நிற்கும் உயரம், மோசம். ஒரு ரூபாய் நாணயம் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக 12ஆம் ஃப்ரெட்டில் வைத்தால் கம்பிக்கு அடியில் தாராளமாகப் போனது. பெரம்பூர் பேரக்ஸ் ரோடு பக்கம் ஆர்மோனியம் ரிப்பேர் பார்க்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். “இன்னாபா இது, வீணைக்கும் கிட்டாருக்கும் பொறந்ததா?” என்றார். அப்புறம் பேச்சே இல்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஆசாரி பலகை பார்ப்பது மாதிரி நெக்கின் (கழுத்தின்) ஓரத்தை நீளவாக்கில் பார்த்தார். இன்ச் டேப் எடுத்து நட்டிலிருந்து (நெக்கின் உச்சியில் கம்பி உட்காரும் பள்ளங்கள் உள்ள பட்டை) 12ஆம் ஃப்ரெட் வரை அளந்தார்: 33 சென்டிமீட்டர். மேல்பலகையில் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ், அதன் இருமடங்கான 66ஐத் தாண்டி மூன்று மில்லிமீட்டர் தள்ளி நின்றால் சுதி சேர்ந்தது. “இது ரெண்டும் சரியா கீது, மத்ததெல்லாம் வேலைதான்” என்றார்.

அவர் சொன்ன அந்த இரண்டைத்தான் நானும் எல்லோருக்கும் சொல்கிறேன். எட்டு கம்பியும் சேர்ந்து ஏறத்தாழ 60 கிலோ இழுக்கின்றன. நெக் வளைந்திருந்தாலோ ஃப்ரெட் தப்பான இடத்தில் அடித்திருந்தாலோ, சரிசெய்கிற செலவில் இன்னொன்றே வாங்கிவிடலாம். பிரிட்ஜ் உயரம், நட் பள்ளம், கையைக் கீறுகிற ஃப்ரெட் முனை, இதெல்லாம் அரமும் பொறுமையும் இருந்தால் தீர்ந்துவிடும். அண்ணன் பிரிட்ஜின் அடியைத் தேய்த்து இறக்கி, முனைகளை அரத்தால் மழுக்கி, 400 ரூபாய் வாங்கினார்.

ஏழாம் மாதம் கம்பியை முறுக்கும் கீ ஒன்றின் பல் தேய்ந்து சுற்றிச் சுற்றி வந்தது. மாண்டலினுக்கு வரும் நான்கு கீ பட்டை இரண்டு வாங்கி மாற்றினோம். திருகாணிக்கு மட்டும் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. செலவு 650. அதற்குப் பிறகு சுதி இறங்குவது பாதியாகக் குறைந்தது.

பெரிய தலைவலி கம்பிதான். புசூக்கி செட் இங்கே நான் கேட்ட எந்தக் கடையிலும் இல்லை. நான் 12இல் தொடங்கும் (எண் கம்பியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு) அகௌஸ்டிக் கிட்டார் செட் இரண்டு வாங்கி, 12, 16, 24 மூன்றையும் ஜோடி ஜோடியாகப் போடுகிறேன். அடி ஜி-க்கு அதே செட்டின் 32 தொய்கிறது. கனமான செட்டில் வரும் 35 சரியாக உட்கார்ந்தது. கிட்டார் கம்பியின் நுனியில் பித்தளை உருண்டை இருக்கும், நம் டெயில்பீஸுக்கு வெறும் வளையம் வேண்டும். உருண்டையைக் கட்டிங் பிளேயரில் பக்கவாட்டில் பிடித்து மெதுவாக நசுக்கினால் அது உடைந்து விழும், வளையம் மிஞ்சும். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். ஒரு துண்டு என் புருவத்தில் பட்டது. மிஞ்சுகிற தடிமன் கம்பிகள் பக்கத்து வீட்டுப் பையனின் கிட்டாருக்குப் போகின்றன. அவன் அம்மாவுக்குத்தான் என்மேல் கோபம்.

உப்புக்காற்றில் ஆறு வாரத்தில் கம்பி கருக்கிறது. வாசித்ததும் பழைய பனியன் துணியால் துடைத்து, பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடினால் பத்து வாரம் தாங்குகிறது.

இப்போது நட்டில் மூன்றாவது ஜோடியின் பள்ளம் ஆழமாகி, முதல் ஃப்ரெட்டில் கம்பி ‘ஜிர்’ரென்கிறது. ஞாயிறு பூசை முடிந்ததும் பேரக்ஸ் ரோடு போக வேண்டும். அண்ணன் பத்தரைக்குத்தான் கடை திறப்பார், அதற்குள் ஒரு டீ குடிக்கலாம்.