38,000 ரூபாய் போச்சு: விழா மலர் அச்சடிக்கக் கொடுக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

இன்று காலையில்தான் கட்டைப் பிரித்தேன். கை இன்னும் நடுங்குகிறது. எங்கள் ஊர்ப் பள்ளியின் பொன்விழா மலர், 300 பிரதி, 38,000 ரூபாய். பழைய மாணவர்கள் 500, 1,000 என்று என்னை நம்பிக் கொடுத்த பணம்.

அட்டையைத் திருப்பியதும் 1987 பத்தாம் வகுப்புக் குழுப்படம். ஒருத்தர் முகமும் தெரியவில்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாகக் கறுப்பு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் படத்தை, இடம் நிரம்பவேண்டும் என்று பக்கவாட்டில் இழுத்து வைத்திருக்கிறார்கள். இதை அவர் கையில் எப்படிக் கொடுப்பேன்?

அந்தக் குழுப்படம் அவர் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த ஒரே பிரதி. சட்டத்திலிருந்து கழற்றி, தூசி தட்டி, 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி (பிக்சல்) வீதம், ஸ்கேன் செய்தேன். 8 அங்குலப் படம், 4800 பிக்சல் வந்தது. அச்சுக்கு வேண்டிய 300 டிபிஐயில் ஏ4 பக்கம் முழுக்கப் போட நீளவாட்டில் 3508 பிக்சல் போதும். பென் டிரைவில் எடுத்துக்கொண்டுதான் போனேன்.

மாவட்டத் தலைநகரில் ஓர் ஆஃப்செட் அச்சகம். அச்சகக்காரர் டீ வரவழைத்துக் கொடுத்தார். வழவழ என்றிருந்த ஒரு மலரைப் புரட்டிக் காட்டி, "இதே மாதிரி வரும் சார்" என்றார். "பென் டிரைவ் வேண்டாம், வைரஸ் வரும். வாட்ஸ்அப்ல தட்டிவிடுங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்." அந்த 'பாத்துக்கறோம்' என்ற வார்த்தையில்தான் விழுந்தேன். முழுப் பணமும் கட்டினால் 2,000 குறைப்பதாகச் சொன்னார். அங்கேயே கட்டினேன், 38,000.

படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடுகிறது. என்னுடையது நீளவாட்டில் 1600 பிக்சலாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. அச்சில் அது ஐந்தரை அங்குலத்துக்கே காணாது. அதைப்போய் முழுப் பக்கத்துக்கு ஊதியிருக்கிறார்கள். எனக்குத் தெரியவில்லை, சரி. 20 வருஷமாக இதே தொழில் என்று சொன்னவருக்குமா தெரியாது? ப்ரூஃப் (அச்சடிக்கும் முன் சரிபார்க்கும் மாதிரி) கேட்டதற்கு போனுக்கு ஒரு பிடிஎஃப் அனுப்பினார். அந்தக் கையகலத் திரையில் எல்லாம் பளிச்சென்றுதான் இருந்தது.

காலையிலிருந்து ஐந்து முறை பேசிவிட்டேன். முதலில், "டிசைனர் லீவு சார்." அப்புறம், "நீங்க அனுப்பின படமே அவ்வளவுதான்." நேரில் போனால் முதலாளி சிவகாசி போயிருக்கிறாராம். கடைசியாக, "பிடிஎஃப் பாத்து ஓகே சொன்னது நீங்கதானே?" இப்போது போனையே எடுப்பதில்லை.

எல்லாவற்றையும் விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. படத்தை பென் டிரைவில் கொடுங்கள், வாட்ஸ்அப்தான் என்றால் டாகுமென்ட்டாக அனுப்புங்கள். திரையில் பார்த்து ஓகே சொல்லாதீர்கள், தாளில் ஒரு பக்கமாவது அடித்துக் காட்டச் சொல்லுங்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்டவே கட்டாதீர்கள். 38,000 ரூபாய்!

ஞாயிற்றுக்கிழமை விழா. மலரைத் தலைமையாசிரியர் வெளியிடுவதாக அழைப்பிதழில் போட்டாயிற்று.