படகின் மேல்தட்டிலேயே தெளிவாகப் பேசிய ‘அல்ட்ராசோனிக்’ கருவி

நீருக்கடியில் இருப்பவர்களோடு ‘அல்ட்ராசோனிக்’, அதாவது காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலி அலை வழியாகப் பேசலாம் என்று சொல்லி விற்கப்பட்ட ஒரு கருவிக்கு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் விற்றவர்களின் பெயரை எழுதவில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே பெட்டியை மீன் பண்ணை நடத்துபவர்களிடமும் கொண்டுபோகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன்.

தூத்துக்குடியில் படகுத்துறைத் தூண்களை நீருக்குள் இறங்கிப் பார்த்து அறிக்கை கொடுக்கும் சிறு ஒப்பந்த வேலை செய்கிறேன். என்னோடு வரும் நால்வரும் சங்கு குளித்துப் பழகியவர்கள். இடுப்பில் கட்டிய கயிற்றை எத்தனை முறை இழுக்கிறார்கள் என்பதுதான் இதுவரை எங்களுக்குப் பேச்சு. தூணில் கண்ட விரிசலின் நீளத்தைக் கீழிருந்தபடியே ஒருவர் சொல்ல, மேலே இருப்பவர் உடனே குறித்துக்கொள்ள முடிந்தால் வேலை பாதியாகக் குறையுமே என்ற ஆசையில்தான் இதை வாங்கினேன்.

விற்பனையாளர் எங்களைச் சென்னையில் ஒரு நீச்சல் குளத்துக்கு அழைத்துப்போனார். முழுமுகக் கவசம் அணிந்த ஒருவர் இரண்டு மீட்டர் ஆழத்திலிருந்து பேசியது கரையில் இருந்த பெட்டியில் கணீரென்று கேட்டது. கடலில் ஒரு கிலோமீட்டர் வரை இதே தெளிவு இருக்கும் என்றும், கூடுதல் பணம் கொடுத்தால் நேரலைக் காணொளியும் அனுப்பலாம் என்றும் சொன்னார். இந்தக் காணொளிப் பேச்சிலேயே நான் விழித்திருக்க வேண்டும். நீருக்குள் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் செல்கிறது, அதாவது ஒரு கிலோமீட்டரைக் கடக்கவே அரை நொடிக்கு மேல் ஆகிறது. அதிர்வெண் உயர உயர நீர் அதை வேகமாக விழுங்கிவிடுவதால் தொலைவுக்கு அனுப்பக்கூடிய தரவு மிகக் குறைவு. நேட்டோ ராணுவக் கூட்டணி 2017ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட, நீருக்குள் ஒலி வழியாகத் தரவு அனுப்பும் ஜேனஸ் என்ற பொதுமுறையே நொடிக்கு ஏறத்தாழ 80 பிட் அளவில்தான் அனுப்புகிறது; காணொளிக்கு அது எந்த மூலைக்கும் போதாது.

முதல் நாள் கடலுக்குப் போனபோது, இறங்குவதற்கு முன்பு மேல்தட்டில் வைத்து இரண்டு கருவிகளையும் சோதித்தோம். படகின் முன்பக்கம் நின்றவர் பேசியது பின்பக்கம் துல்லியமாகக் கேட்டது. “அண்ணாச்சி, தண்ணிக்கு வெளியவே இவ்வளவு நல்லாக் கேக்குதே, இது எப்படி?” என்று எங்கள் மூத்த குளியாள் கேட்டார். அந்தக் கேள்விக்கு அப்போது நான் மதிப்புக் கொடுக்கவில்லை. அவர் இறங்கினார். தலை மூழ்கிய அடுத்த கணமே பெட்டி வாயடைத்துப்போனது. மேலே வந்ததும் பேசியது, மூழ்கியதும் நின்றது. ஒன்பது மீட்டர் ஆழத்தில் அவருடைய காற்றுக்குழாய் தூணில் இருந்த கம்பியில் சிக்கியபோது, பழக்கத்தின் காரணமாகக் கட்டியிருந்த கயிறுதான் எங்களுக்குச் செய்தி சொன்னது. கருவியை நம்பிக் கயிற்றை அவிழ்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் தெரிந்த ரேடியோ மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்துத் திறக்கச் சொன்னேன். உள்ளே இருந்தது 433 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்ட சாதாரண வயர்லெஸ் பலகை. ஒலியை உண்டாக்கும் தலை என்று காட்டிய கறுப்பு வட்டிலிலிருந்து வந்த இரண்டு கம்பிகளும் எதனோடும் பற்றவைக்கப்படாமல் மடித்து ஒட்டப்பட்டிருந்தன. உண்மையான கருவியில் அழுத்த மின் பீங்கான் வில்லை, அதாவது மின்சாரம் கொடுத்தால் அதிரும் வில்லை ஒன்று இருக்கும். பேச்சைச் சுமார் 30 கிலோஹெர்ட்ஸ் ஒலி அலையின் மேல் ஏற்றி, அந்த வில்லையை அதிரவைத்து நீரில் செலுத்துவார்கள். நீருக்கென்று அமைந்த அந்த வில்லை காற்றில் சரியாகப் பேசாது. இவர்களுடையதோ காற்றில் செல்லும் வெறும் வானொலி அலை. உப்பு குறைந்த குளத்து நீரில் அந்த அலை சில மீட்டர் தாக்குப்பிடிக்கும், ஆனால் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் கடல்நீரில் ஒரு முழம் போவதற்குள் செத்துவிடும். குளத்தில் காட்டியதன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

ஆகவே வாங்க நினைப்பவர்கள் கடலில், நீங்கள் வேலை செய்யும் ஆழத்தில், உங்கள் ஆட்களை வைத்தே சோதித்துவிட்டுப் பணம் கொடுங்கள். உலர்ந்த தரையில் வைத்தும் பேசிப் பாருங்கள், அங்கே கணீரென்று பேசினால் சந்தேகப்படுங்கள். நல்ல கருவியே ஆனாலும் தூண்களில் பட்டுத் திரும்பும் எதிரொலியும், கொடுக்கைச் சொடுக்கும் சிறு இறால்களின் ஓயாத பொரிச்சலும் எங்கள் ஆழமற்ற கடலில் அதன் எல்லையைக் குறைக்கும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, வணிகத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று பதில் எழுதினார்கள். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கியவருக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்கு அளிக்கிறது, நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கவும் இடம் தருகிறது. ரசீதையும், திறந்த பெட்டியின் படங்களையும், மெக்கானிக் எழுதிக் கொடுத்த குறிப்பையும் சேர்த்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். பெட்டியை அப்படியே முத்திரையிட்டு வைத்திருக்கிறேன். ஆட்கள் கயிற்றோடு இறங்குகிறார்கள்.