நாய் ஓங்கரித்தும் ஒன்றும் வரவில்லையா? கடை ‘டாக்டரை’ நம்பி நேரத்தை விடாதீர்கள்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நாய் வளர்க்கும் எல்லாருக்கும் இதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ராஜா போய் இன்றோடு ஒன்பது நாள்.

7 வயது அல்சேஷன். ஞாயிறு சாயங்காலம் வழக்கம்போல் மங்கு நிறையச் சோறும் கோழியும் வைத்தோம். நாளுக்கு ஒரே வேளைதான் போடுவோம், அதனால் அள்ளி அள்ளி விழுங்குவான். தின்ற கையோடு பிள்ளைகளுடன் செம்பனைக்குள் ஓடினான். ஏழு மணிக்கு முதுகை வளைத்து ஓங்கரிக்க ஆரம்பித்தான். நுரைதான் வந்தது, ஒரு பருக்கை சோறு வரவில்லை. படுப்பான், உடனே எழுவான், வயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்ப்பான். வாயிலிருந்து எச்சில் கோடாக ஒழுகியது.

பட்டணத்தில் நாய் சாமான் விற்கும் கடை ஒன்று உண்டு. அங்கிருப்பவரை எல்லாரும் டாக்டர் என்றே கூப்பிடுவார்கள், அவரும் மறுத்ததில்லை. வயிற்றை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு, “காத்துதான் அண்ணே, ஊசி போட்டா இறங்கிடும், கொஞ்சம் நடக்க விடுங்க” என்றார். ஊசி, பொடி, 180 வெள்ளி. அவர் பேச்சை நம்பி இரண்டரை மணி நேரம் வாசலில் அவனை நடத்திக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்னும் நெஞ்சு அடைக்கிறது.

பின்னங்கால் தள்ளாடிய பிறகுதான் ஈப்போவுக்கு ஓடினோம். அங்கிருந்த டாக்டரம்மா உதட்டைத் தூக்கிக் காட்டினார்: ஈறு வெளிறிக் கிடந்தது. விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டுமாம், திரும்பவில்லை. வயிற்றைத் தட்டினார், மத்தளம் போல் சத்தம். எக்ஸ்ரேயில் இரைப்பை முறுக்கிக்கொண்டிருந்தது. முறுக்கினால் மேல்வாயும் கீழ்வாயும் அடைபடும், காற்று எந்தப் பக்கமும் போகாது, ரத்த ஓட்டமும் நிற்கும். ஊசியோ பொடியோ அதைப் பிரிக்காது. காற்றை இறக்கிவிட்டு உடனே அறுவை செய்வதுதான் வழி. மேசையிலேயே ராஜா அடங்கிவிட்டான்.

சாதாரண அஜீரணம் என்றால் தின்றதைக் கக்கிவிட்டுச் சற்று நேரத்தில் அடங்கிப் படுத்துவிடும். ஓங்கரித்தும் ஒன்றும் வராமல், வயிறு உப்பிக்கொண்டே போனால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். அல்சேஷன், டாபர்மேன், கிரேட் டேன் மாதிரி நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய நாய்களுக்கு இது அதிகம் வரும். சாப்பாட்டை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துப் போடுங்கள், தின்றதும் ஓட விடாதீர்கள்.

மறுநாள் கடைக்குப் போய்க் கேட்டேன். “நான் டாக்டர்னு சொன்னேனா?” என்றார். ரசீதில் ‘மருந்து’ என்று மட்டும் இருக்கிறது, ஊசியின் பெயர்கூட இல்லை. 1974ஆம் ஆண்டுக் கால்நடை மருத்துவர் சட்டப்படி மலேசியக் கால்நடை மருத்துவர் மன்றத்தில் பதிவு செய்து, ஆண்டுதோறும் சான்றிதழ் எடுத்தவர்தான் மருத்துவம் பார்க்கலாம். ஊசியை எடுக்கும் முன்பே அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள்; நான் கேட்கவில்லை.

ரசீதையும் எக்ஸ்ரே படத்தையும் சேர்த்துக் கால்நடைச் சேவைத் துறையில் புகார் கொடுத்திருக்கிறேன். அதே ஆளிடம் ஊசி போட்டவர்கள் வேறு யாராவது இருந்தால், ரசீதைத் தூக்கிப் போடாமல் எனக்குத் தகவல் சொல்லுங்கள்.